'பாடம் முடித்தல்' என்னும் கருத்தும் அறிவியல் ஆசிரியப் பயிற்சியும்: நெற்குப்பை வட்டாரத்தை முன்வைத்து

ஆசிரியப் பயிற்சி பெறும் ஒருவர் தம் பணியை எந்தச் சொல்லால் குறிக்கிறார் என்பதைக் கவனித்தால், கற்றலையும் கற்பித்தலையும் பற்றி அவர் கொண்டிருக்கும் கருத்து பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். 'ஒளிச்சேர்க்கை எடுத்துவிட்டேன்', 'மின்னோட்டம் நடத்தியாயிற்று', 'அமிலமும் காரமும் முடித்துவிட்டேன்' என்பன பயிற்சி மாணவர் நாவில் இயல்பாக வரும் தொடர்கள். எடுத்தல், நடத்துதல், முடித்தல் ஆகிய மூன்று வினைகளுக்கும் எழுவாய் ஆசிரியர், செயப்படுபொருள் பாடம். மாணவர் என்றொருவர் இத்தொடர்களுக்குள் வரவேண்டிய தேவையே இல்லை. 'கற்பித்தல்' என்னும் சொல்லோ வேறு வகையானது. அது 'கல்' என்னும் வினையின் பிறவினை வடிவம். உண்பித்தல் நிகழ உண்பவர் ஒருவர் வேண்டும். அதுபோலக் கற்பித்தல் நிகழக் கற்பவர் ஒருவர் வேண்டும். ஆளில்லா வகுப்பறையிலும் பாடத்தை முடித்துவிடலாம், கற்பிக்க இயலாது.

இவ்வேறுபாடு இலக்கண நயம் மட்டுமன்று. அறிவியல் ஆசிரியப் பயிற்சியின் மையச் சிக்கல் இதனுள் அடங்கியிருக்கிறது. அச்சிக்கலில் மொழிக்குள்ள பங்கு பெரிது; ஆயினும் அதனைக் கல்வியியல் துறையினர் மட்டுமே பேசிவருகின்றனர். தமிழ்த்துறைகள் அதனைத் தமக்குரியதாகக் கருதாமை ஒரு குறை.

பயிற்சிக் கல்லூரிக்கு வரும் ஒருவர் கற்பித்தல் பற்றி ஏதுமறியாதவராக வருவதில்லை. அமெரிக்கச் சமூகவியலறிஞர் டான் லார்ட்டி 1975-இல் வெளியிட்ட தம் நூலில் இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களை எதிரே கண்டு அமர்ந்திருக்கிறார் என்பது அவர் கணக்கு. வேறெந்தத் தொழிலுக்கும் இத்தகைய நெடிய முற்பயிற்சி இல்லை. மருத்துவராக விரும்புபவர் மருத்துவரைச் சில நாள் கண்டிருப்பார். ஆசிரியராக விரும்புபவர் ஆசிரியரைப் பன்னிரண்டு ஆண்டு கண்டிருக்கிறார். ஆனால் அவர் கண்டது மாணவர் இருக்கையிலிருந்து தெரியும் பகுதியை மட்டுமே. ஆசிரியர் இந்த எடுத்துக்காட்டை ஏன் தேர்ந்தார், எந்த வினாவை ஏன் கைவிட்டார் என்பன அவ்விருக்கையிலிருந்து தெரிவதில்லை. தெரிவன குரலும் கரும்பலகையும் பிரம்பும் விடைத்தாளும். எனவே கற்பித்தல் என்பது தெளிவாகப் பேசுதல், கற்றல் என்பது கேட்டதைத் திரும்பச் சொல்லுதல் என்னும் முடிவுக்கு அவர் வந்திருப்பாராயின், அது அறியாமை ஆகாது. கண்டதைக் கொண்டு முறையாகச் செய்த ஊகம்.

கண்டு பழகுதல் என்பது செட்டிநாட்டுக்குப் புதிதன்று. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் கிட்டங்கிகளில் இளைஞர் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பின்னர்க் கடைப்பொறுப்பை ஏற்றனர். பாடநூல் கிடையாது, கற்பிப்பதற்கென்று தனியாக ஒருவரும் கிடையாது. ஆயினும் அங்கே கண்டவர் வேலையின் உட்புறத்தைக் கண்டார். பேரேட்டில் ஒரு பதிவு ஏன் அவ்வாறு எழுதப்பட்டது, ஒருவருக்குக் கடன் ஏன் மறுக்கப்பட்டது என்பதெல்லாம் அருகிருந்தவருக்குத் தெரிந்தன. கணக்குப் பிழைத்தால் பிழை அன்றே வெளிப்பட்டது. இம்முறையைப் புகழ்ந்து பேசுவதில் எச்சரிக்கை வேண்டும். அது ஒரு சமூகத்து ஆண்மக்களுக்கு மட்டுமே திறந்திருந்தது, கடுமையும் மிகுந்தது. ஆனால் பள்ளி இருக்கையிலிருந்து காணும் பழக்கத்துக்கும் பெட்டியடியிலிருந்து காணும் பழக்கத்துக்கும் உள்ள தொலைவை உணர இவ்வொப்பீடு உதவும். இன்றைய பயிற்சி மாணவருக்குக் கிட்டியிருப்பது முன்னது. பயிற்சிக் கல்லூரி தரவேண்டியது பின்னது.

அதனைத் தருவதற்கான காலம் ஏட்டளவில் உள்ளது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் இளங்கல்வியியல் படிப்பை ஈராண்டாக்கின. பள்ளிக் களப்பணிக்கு 20 வாரங்களை ஒதுக்கின. அழகப்பச் செட்டியார் முயற்சியால் 1950-இலேயே ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியையும், 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தையும் பெற்ற காரைக்குடி வட்டாரத்தில் பள்ளியும் பயிற்சியும் ஆய்வும் ஒருங்கே அமைந்துள்ளன. வாய்ப்பில்லை என்று சொல்வதற்கு இடமில்லாத நிலம் இது. எனினும் களப்பணியின் பெரும்பகுதி பாடக்குறிப்பேட்டை நிரப்புவதில் கழிகிறது. குறிப்பேட்டில் 'ஆசிரியர் செயல்' என்றொரு கட்டமும் 'மாணவர் செயல்' என்றொரு கட்டமும் உண்டு. இரண்டாம் கட்டத்தில் 'மாணவர் கவனிக்கின்றனர்', 'மாணவர் விடையளிக்கின்றனர்' என்று வகுப்புக்குச் செல்லுமுன்னரே எழுதியாகிவிடுகிறது. நிகழாத ஒன்றுக்கு நிகழ்காலம்! அந்தக் கட்டத்தின் காலமே பயிற்சியின் போக்கைக் காட்டுகிறது.

கல்லூரியில் பெற்ற புதுக் கருத்துகள் பள்ளிக்குச் சென்றதும் கரைந்துபோகின்றனவா என்னும் வினாவை ஜெய்க்னர், டபாக்னிக் ஆகியோர் 1981-இலேயே எழுப்பினர். கல்லூரியில் அப்புதுமை வேரூன்றியதா என்பதே ஐயம் என அவர்கள் கருதியது நோக்கத்தக்கது. தமிழ்நாட்டில் இதற்கு வேறொரு முகமும் உண்டு. 'கற்போர் மையக் கற்பித்தல்', 'அறிவைக் கட்டமைத்தல்' ஆகியவற்றின் இலக்கணத்தைப் பயிற்சி மாணவர் பிழையின்றி ஒப்பிப்பார். ஐந்து மதிப்பெண் வினாவாக வந்தால் ஐந்தும் பெறுவார். அறிவு கொடுக்கப்படுவதன்று, கற்பவரால் கட்டப்படுவது என்னும் கருத்தே கொடுக்கப்பட்டு, பெறப்பட்டு, திருப்பித் தரப்பட்டுவிடுகிறது. அவருடைய பழைய நம்பிக்கைக்கு இதனால் ஒரு கீறலும் ஏற்படுவதில்லை.

இப்புதுக் கருத்துகள் மேலைநாட்டு இறக்குமதி என்றும், நம் மரபு ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்கும் மரபே என்றும் ஓர் எதிர்வாதம் உண்டு. பவணந்தியார் இவ்வாதத்துக்கு எளிதில் இடம்தரமாட்டார். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடஞ்சொல்லலும் பாடங்கேட்டலும் தனித்தனியே பேசப்படுகின்றன என்பது உண்மை. மாணாக்கர் வகையைக் கூறுமிடத்து இல்லிக்குடம், நெய்யரி போன்ற உவமைகள் வருகின்றன. இவை அறிவை ஊற்றப்படும் பொருளாகக் காண்பவையே. ஆனால் அங்கேயே கிளியும் வருகிறது. சொன்னதைச் சொல்லும் கிளியைப் பவணந்தியார் முதல் மாணாக்கருள் வைக்கவில்லை. இடை மாணாக்கருள்தான் வைத்தார். முதலிடம் பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்துக்கும், மேய்ந்ததை அமர்ந்து அசைபோடும் பசுவுக்கும் உரியது. இதைவிட முக்கியமானது அவர் தரும் கணக்கு. ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நிறைவாகக் கொண்டாலும் கற்பவர்க்குக் கிட்டுவது கால்பங்கே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு தாமே பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. 13-ஆம் நூற்றாண்டு இலக்கண நூலொன்று ஆசிரியர் பேச்சுக்கு நூற்றுக்கு இருபத்தைந்துதான் தருகிறது. இன்றைய வகுப்பறை ஏறத்தாழ முழுவதையும் அதற்கே தந்துவிடுகிறது. நன்னூலைத் தமிழாசிரியப் பயிற்சியில் மட்டும் ஒதுக்கிவைத்து, அறிவியல் ஆசிரியப் பயிற்சியை ஹெர்பார்ட்டின் படிநிலைகளோடும் புளூமின் வகைப்பாட்டோடும் நிறுத்திக்கொண்டது ஏன் என்று தெரியவில்லை. மரபுப் பெருமைக்காக அதனைச் சேர்க்க வேண்டுவதில்லை. பயிற்சி மாணவர் தம் நம்பிக்கையோடு வாதிடுவதற்கு நல்ல எதிராளி ஒருவர் அதில் இருக்கிறார் என்பதற்காகச் சேர்க்கலாம்.

இனி மொழிக்கு வரலாம். திருப்பத்தூருக்கும் பொன்னமராவதிக்கும் இடையே அமைந்த பேரூராட்சியான நெற்குப்பை, பயண நூல்களாலும் மாவட்ட நூல்களாலும் அறியப்பட்ட சோமலெ 1921-இல் பிறந்த ஊர். அவ்வூர்ப் பெயரிலுள்ள 'குப்பை' பழந்தமிழில் குவியலைக் குறித்தது. நெற்குவியல் என்பதே பெயரின் பொருள். இன்றைய பேச்சில் அச்சொல் கழிவைக் குறிக்கிறது. ஊர்க்காரர் எவரும் இதனால் குழம்புவதில்லை. ஊர்ப்பெயரில் ஒரு பொருளும் தெருவில் மற்றொரு பொருளுமாக ஒரு சொல் இரு வாழ்வு வாழ்கிறது. அறிவியல் வகுப்பறையில் நூற்றுக்கணக்கான சொற்கள் இவ்வாறே இருவாழ்வு வாழ்கின்றன. ஆனால் அங்கே குழப்பம் நேர்கிறது. நேர்ந்தது வெளியே தெரிவதுமில்லை.

ஒரு சான்று போதும். பேச்சுத் தமிழில் சர்க்கரையும் 'கரைகிறது', பனிக்கட்டியும் 'கரைகிறது'. பாடநூல் முன்னதைக் கரைதல் என்றும் பின்னதை உருகுதல் என்றும் பிரிக்கிறது. கரைதலுக்கு இரு பொருள் வேண்டும். உருகுதலுக்கு ஒரு பொருளும் வெப்பமும் போதும். ஆறாம் வகுப்புக் குழந்தை 'ஐஸ் கரைந்துவிட்டது' என்று சொன்னால் பயிற்சி மாணவர் 'தவறு, உருகியது' என்று திருத்துகிறார். குழந்தையும் திருத்திச் சொல்கிறது. சொல் மாறிவிட்டது, கருத்து மாறியதா? பனிக்கட்டி காற்றில் கரைவதாக அக்குழந்தை நினைக்கிறதா, அல்லது வீட்டு வழக்கைச் சொன்னதா என்று கேட்பதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடுபவர் ஒருவகை ஆசிரியர், செலவிடாதவர் வேறுவகை. நிறை, எடை, மூச்சுவிடுதல், சுவாசித்தல், வெப்பம், வெப்பநிலை, வேலை என்னும் ஒற்றைச் சொல் என இப்பட்டியல் நீளும். பிரிட்டனில் ரோசலிண்ட் டிரைவர் 1983-இல் எழுதிய நூல் முதலாக, குழந்தைகள் தாமே உருவாக்கிக்கொண்ட விளக்கங்களோடு வகுப்புக்கு வருகின்றனர் என்பது பலமுறை காட்டப்பட்டுள்ளது. ஆங்கிலக் குழந்தையின் விளக்கங்கள் ஆங்கிலச் சொற்களில் ஊறியவை. தமிழ்க் குழந்தையின் விளக்கங்களை அறிய விரும்புபவர் தமிழ்ச் சொற்களைத்தான் தோண்டவேண்டும். அதற்கான அகராதி அறிவும் வழக்காய்வுப் பயிற்சியும் தமிழ்த்துறைகளில் உள்ளன; அறிவியல் கல்வியாளரிடம் அரிதாகவே உள்ளன.

பயிற்சி மாணவரின் சொந்த நிலை இதனினும் சிக்கலானது. அவருள் பலர் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, இளம் அறிவியல் பட்டத்தை ஆங்கிலவழியில் பெற்று, மீண்டும் தமிழ்வழி வகுப்பில் கற்பிக்க நிற்பவர். பட்டப்படிப்பில் அவர் கற்ற இயற்பியல், சிந்திக்கும் மொழியில் கற்றதன்று. தேர்வு மொழியில் சேமித்தது. ஒரு வாக்கியத்தைத் தம் சொல்லில் மாற்றினால் மதிப்பெண் போய்விடும் என்னும் அச்சத்தோடு மூன்றாண்டு படித்தவர், குழந்தை தன் சொல்லில் விளக்குவதை எவ்வாறு வரவேற்பார்? கற்றல் என்பது வாக்கியத்தைக் காப்பாற்றுதல் என்னும் நம்பிக்கை அவருக்குப் பள்ளியில் தோன்றியிருக்கலாம். அதனை உறுதிசெய்தது பல்கலைக்கழகம். பொறுப்பைப் பள்ளிகள் மேல் மட்டும் சுமத்துவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கலைச்சொல்லாக்க முயற்சி இக்குறையைத் தீர்த்துவிடும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் தொடங்கிய தமிழ்ச் சாத்திரச் சொற்கள் சங்கம் முதல் இன்றைய இணையச் சொல்வங்கிகள் வரை அம்முயற்சி போற்றுதற்குரியது. ஆனால் கலைச்சொல் ஒரு முடிவின் பெயர். பெ.நா. அப்புசுவாமி போன்றோர் கலைச்சொல்லுக்கு முன்னும் பின்னும் எளிய தமிழ் வாக்கியங்களை அடுக்கிக் கருத்தை வளர்த்தனர். பயிற்சிக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுவது சொற்பட்டியல். கற்பிக்கப்படாதது அந்த வாக்கியங்களை அமைக்கும் திறன்.

செட்டிநாட்டு வீடுகள் இதற்கு நல்ல களம். அவற்றின் பழஞ்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் பூசப்பட்டவை. சுட்ட சுண்ணாம்பு நீரோடு சேர்ந்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெல்ல ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாகி இறுகுகிறது. பள்ளி ஆய்வகத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல்வழி ஊதிப் பால்போல் மாறுவதைக் காட்டும் சோதனையும் இதே வினைதான். குடுவையில் நொடியில் நிகழ்வது சுவரில் நெடுங்காலம் நிகழ்கிறது. குடுவைச் சோதனையைச் செய்யத் தெரிந்த பயிற்சி மாணவர், சுவரைக் கண்டு அதனையே சொல்லத் தயங்குவாராயின், அவர் அறிவியலைக் குடுவைக்குள் வைத்துக் கற்றிருக்கிறார் என்பது தெளிவு.

ஆத்தங்குடிக் கற்கள் இன்னும் கூர்மையான வினாவைத் தருகின்றன. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டுக் கையால் செய்யப்படும் இக்கற்கள் சூளையில் சுடப்படுவதில்லை, நீரில் ஊறவைக்கப்படுகின்றன. 'சிமெண்டு காய்ந்து இறுகுகிறது' என்பது உலக வழக்கு. காய்வதே காரணமானால் நீரில் ஊறவைப்பது ஏன்? கட்டடப் பணியில் புதுத்தளத்தின்மேல் பாத்திகட்டி நீர் நிறுத்துவதைப் பார்க்காத குழந்தை இல்லை. சிமெண்டு நீரை இழந்து இறுகுவதில்லை, நீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது என்னும் முடிவுக்கு இவ்வினாவின் வழியே எட்டாம் வகுப்பினரைக் கொண்டுவந்துவிடலாம். கொத்தனாரின் மகளோ கற்பட்டறைத் தொழிலாளியின் மகனோ அவ்வகுப்பில் இருந்தால், ஆசிரியரைவிட மிகுதியாக அறிந்த ஒருவர் அன்று அங்கே இருக்கிறார். பயிற்சி மாணவர் அஞ்சுவது இந்நிலையைத்தான். அறிவு ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் செல்வது என்னும் கருத்து உள்ளவரை, இது மானக்குறைவாகவே தோன்றும். வீட்டுத் தொழிலறிவை வகுப்பறை ஏற்பதில் சாதி சார்ந்த கூச்சங்களும் உண்டு. தந்தையின் தொழிலைச் சொல்லவைப்பது எல்லாக் குழந்தைக்கும் பெருமையாக அமையாது. உள்ளூர்ச் சான்றுகளைப் பரிந்துரைக்கும் கையேடுகள் இதனைப் பேசுவதில்லை.

மறுதரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்பது மாணவர், நாற்பத்தைந்து நிமிடம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்னும் மூன்றுக்கும் நடுவே நிற்பவரிடம் ஒவ்வொரு குழந்தையின் முற்கருத்தையும் அகழ்ந்தெடுக்கச் சொல்வது நடைமுறை அறியாத பேச்சாகத் தோன்றலாம். நேரடியாக, ஒழுங்காக விளக்குவதும் கற்பித்தலே. மோசமாக நடத்தப்படும் செயல்பாட்டைவிட நன்கு அமைந்த விளக்கம் மேலானது. வினா அளவைப் பற்றியது. பவணந்தியாரின் கால்பங்கை அரைப்பங்காக உயர்த்தினாலும் எஞ்சிய அரைப்பங்கை எவ்வாறு பயன்படுத்துவது என்பதற்குப் பயிற்சி விடை சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது ஓர் அரிய வாய்ப்பு உள்ளது. செயல்வழிக் கற்றல் முறை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அவ்வாண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை 2019-இல் பள்ளிப்படிப்பையும் 2022-இல் பட்டப்படிப்பையும் முடித்திருக்கும். ஏணிப்படியும் அட்டைகளுமாகத் தரையில் வட்டமாக அமர்ந்து கற்ற தலைமுறை ஆசிரியப் பயிற்சிக்கு வந்துவிட்டது என்பது இதன் பொருள். லார்ட்டியின் 13,000 மணி நேரத்துள் அவர்களுக்குச் சில ஆயிரம் வேறுவகையாகக் கழிந்தது. அந்நினைவு அவர்களுடைய கற்பித்தல் கருத்தில் எஞ்சியிருக்கிறதா, அல்லது பின்வந்த தேர்வு ஆண்டுகள் அதனை மூடிவிட்டனவா? நெற்குப்பை போன்ற ஊர்களின் அரசுப் பள்ளிகளில் பயின்று பயிற்சிக்கு வந்தோரிடம் விரிவாகக் கேட்டறிய வேண்டிய வினா இது. கேட்கும் முறையும் முக்கியம். 'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரையான ஐந்து கட்டங்களில் குறியிடச் செய்தால், எதிர்பார்க்கப்படும் விடை எதுவென்று அறிந்து குறியிடுவர். தாம் கற்ற ஒரு நாளையும் கற்பித்த ஒரு நாளையும் தம் நடையில் எழுதச் செய்து, அவ்வெழுத்தின் வினைச்சொற்களையும் எழுவாய்களையும் ஆராய்ந்தால் மறைந்திருப்பது வெளிவரும். இது உரைபகுப்பாய்வு, தமிழ்த்துறை மாணவர்க்குப் பழகிய வேலை.

பயிற்சியிலேயே செய்யத்தக்க மாற்றம் ஒன்றும் உண்டு. பாடக்குறிப்பேட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்க்கலாம். பாடத்துக்கு முன் மூன்று குழந்தைகள் அப்பொருள் பற்றித் தம் வாய்மொழியில் சொன்னவை திருத்தப்படாமல், வட்டார வழக்கு மாறாமல், அதில் இடம்பெறவேண்டும். பாடத்துக்குப் பின் அதே மூவர் சொன்னவை எதிரே எழுதப்படவேண்டும். அறிவியல் பேராசிரியர் ஒருவரும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து அப்பக்கத்தைப் பயிற்சி மாணவரோடு படிக்கவேண்டும். மூவரின் சொற்களும் ஒன்றுபோல் மாறியிருந்தால் என்ன நிகழ்ந்தது என்றும், ஒருவர் சொல் மட்டும் மாறாதிருந்தால் அது ஏன் என்றும் அங்கே பேசலாம். புதிய நிதி எதுவும் இதற்குத் தேவைப்படாது. செய்முறைத் தேர்வில் அப்பக்கத்துக்குச் சில மதிப்பெண் ஒதுக்கினால் போதும். மதிப்பெண் ஒதுக்கிவிட்டால், தேர்வுக்கு முந்தைய இரவில் விடுதி அறையில் கற்பனைக் குழந்தைகள் மூவர் பிறந்துவிடக்கூடும். அதனைத் தவிர்க்க, பள்ளி வழிகாட்டி ஆசிரியர் அன்றன்றே அப்பக்கத்தில் கையொப்பமிடும் ஏற்பாடும் உடன் வேண்டும்.